கொடி யாருடையது?



திருநாள் நெருங்குகிறது. கொடித்துணி எடுக்கவும், தோரணம் கட்டவும், கொடிமரத்துக்கு வர்ணம் பூசவும் இளைஞர்கள் ஓடியாடத் தொடங்கிவிட்டார்கள். இந்தச் சமயத்தில் கொடியைப் பற்றிக் கொஞ்சம் படித்துக்கொள்வது நல்லது. பொருள் தெரியாமல் ஏற்றுகிற கொடி வெறும் துணிதான்.

தமிழருக்குக் கொடியைப் பற்றி வெளியார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பாண்டியனுக்கு மீன், சோழனுக்குப் புலி, சேரனுக்கு வில் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று பேர்பெற்ற நம் திருவாதவூரும் ஒரு காலத்தில் மீன்கொடியின் கீழ் இருந்ததே. கோட்டைமேல் மீன்கொடி பறந்தால், அந்தத் துணியை நெய்தவன் யார், கம்பத்தை நட்டவன் யார் என்று எவரும் கேட்டதில்லை. 'இந்த இடம் பாண்டியனுடையது' என்பதே அதன் அர்த்தம். யாருக்குச் சொந்தம் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவது கொடியின் வேலை.

வேதாகமமும் இப்படியே பேசுகிறது. வனாந்தரத்தில் இஸ்ராயேல் மக்கள் தத்தம் கொடியின் கீழ்ப் பாளயம் இறங்கியதாக எண்ணாகமம் சொல்லுகிறது. அமலேக்கியரை வென்ற பிறகு மோயீசன் ஒரு பீடம் கட்டினார். அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை; போர்முனையில் நின்ற யோசுவாவின் பெயரையும் வைக்கவில்லை. ஆண்டவரே தம் கொடி என்று பெயரிட்டார். (யாத்திராகமம் 17-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள்.)

இனி, நாம் தோரணமாகக் கட்டும் மஞ்சள் வெள்ளைக் கொடிக்கு வருவோம். இது பாப்பரசரின் கொடி என்று எல்லோருக்கும் தெரியும். இந்த நிறங்கள் வந்த விதம் பலருக்குத் தெரியாது. முற்காலத்தில் பாப்பரசரின் நிறங்கள் சிவப்பும் மஞ்சளும்தான். 1808-ம் ஆண்டு பிப்ரவரியில் நெப்போலியனின் சேனை ரோமாபுரியைப் பிடித்தது. பாப்பரசரின் போர்வீரர்களைப் பிரெஞ்சுத் தளபதி தன் படையோடு சேர்த்துக்கொண்டான்; ஆனால் தொப்பியில் பழைய சிவப்பு மஞ்சள் சின்னத்தையே அணிந்துகொள்ள விட்டான். தந்திரத்தைப் பாருங்கள்! சின்னம் பாப்பரசருடையது, சேவகம் நெப்போலியனுக்கு. அப்போது ஆண்டுவந்த 7-ம் பத்திநாதர் இதற்குச் சம்மதிக்கவில்லை. மார்ச் மாதத்திலேயே, தமக்குப் பிரமாணிக்கமாயிருக்கும் வீரர்கள் மஞ்சளும் வெள்ளையும் அணிய வேண்டும் என்று கட்டளையிட்டார். மறு வருடம் அவரையே கைதுசெய்து கொண்டுபோனார்கள். 1814-ல்தான் ரோமைக்குத் திரும்பினார். நிறமோ நிலைத்துவிட்டது. 1929-ல் லாத்தரன் உடன்படிக்கையால் வத்திக்கான் நகர் தனி அரசானபோது, இந்த மஞ்சள் வெள்ளையே அதன் கொடியாயிற்று.

ஆக, நம் தெருவில் ஆடும் அந்த மஞ்சள் காகிதம் அழகுக்காகப் பொறுக்கியெடுத்த நிறமல்ல. சின்னத்தை ஒருவரிடமும் சேவகத்தை வேறொருவரிடமும் வைக்க மறுத்தவர்களின் நிறம்.

அதில் உள்ள திறவுகோல்கள், சேசுநாதர் அர்ச். இராயப்பருக்குக் கொடுத்த மோட்ச இராச்சியத்தின் திறவுகோல்கள் (மத்தேயு 16). ஒன்று பொன், ஒன்று வெள்ளி. ஒவ்வொரு பாப்பரசருக்கும் சொந்தமாக ஒரு கேடயச் சின்னமும் உண்டு. காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசரின் கேடயத்தில் சேசுவின் திருநாம எழுத்துகளோடு கூடிய சேசுசபைச் சூரியனும், தேவமாதாவைக் குறிக்கும் நட்சத்திரமும், அர்ச். சூசையப்பரைக் குறிக்கும் நார்தம் பூவும் இருந்தன. பூவைத் திராட்சைக் குலை என்று நினைத்தவர்கள் ஏராளம். அந்தச் சூரியன் நமக்குப் புதியதல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரும் அதே சபையார்தானே. இப்போதைய 14-ம் லியோ பாப்பரசர் அர்ச். அகுஸ்தீனாரின் சபையைச் சேர்ந்தவர். அவர் கேடயத்தில் லீலி மலரும், புத்தகத்தின்மேல் அம்பு தைத்த இருதயமும் காணலாம்.

2025 ஏப்ரலில் பிரான்சிஸ் பாப்பரசர் மரித்து, மே 8-ந் தேதி புதியவர் தெரிந்துகொள்ளப்படும் வரை, திருச்சபையின் சின்னம் எப்படி இருந்தது தெரியுமா? கேடயம் இல்லை. முடியும் இல்லை. விரித்த குடை ஒன்று, அதன்கீழ் அதே இரண்டு திறவுகோல்கள். ஆள் போய்விட்டார், திறவுகோல் போகவில்லை.

மேற்றிராணிமாரின் சின்னத்திலும் இதே ஒழுங்குதான். அதிமேற்றிராசனத்திலிருந்து வரும் சுற்றுநிருபத்தின் தலைப்பை உற்றுப்பாருங்கள். கேடயத்துக்குமேல் ஒரு பச்சைத் தொப்பி, இருபுறமும் தொங்கும் குஞ்சங்கள். பக்கத்துக்கு ஆறு என்றால் மேற்றிராணியார். பத்து என்றால் அதிமேற்றிராணியார். தொப்பி சிவப்பாகி, பக்கத்துக்குப் பதினைந்து தொங்கினால் கர்தினால். குஞ்சம் எண்ணத் தெரிந்தால் போதும், பதவி தெரிந்துவிடும். எந்தக் குடும்பம், என்ன சொத்து என்பதைத் தொப்பி சொல்லாது.

1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையாரான நம் பிரிந்த சகோதரர்கள், சிலுவையோடு தாமரையைச் சேர்த்துத் தங்கள் சின்னத்தை அமைத்தார்கள். இந்த மண்ணில் வேரூன்றியிருக்கிறோம் என்று காட்டும் நல்ல சின்னம் அது.

நம் நாட்டுத் திருநாள் கொடிகளில் தூத்துக்குடிக் கொடியேற்றத்தை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ஜூலை 26-ல் பனிமய மாதாவின் கொடி ஏறும்போது, துறைமுகத்தில் நிற்கும் இழுவைக் கப்பல்கள் சங்கொலி எழுப்பும். அங்கே கூடிநிற்பவர்களில் எத்தனையோ பேர் நம் வேதத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ல் ஏறும் கொடி, செப்டம்பர் 8-ந் தேதி மாதாவின் பிறந்த திருநாள்வரை பறக்கும். அந்தக் கொடியை அண்ணாந்து பார்க்கிற லட்சக்கணக்கான கண்களுக்கு மாதாவின் உருவம்தான் தெரிகிறது. துணி வாங்கிக்கொடுத்தவர் யார் என்று தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை.

நம் பக்கத்துச் சிற்றூர்களில் நிலைமை வேறு. 'உபயம்' என்ற எழுத்து அர்ச்சியசிஷ்டவரின் தலையைவிடப் பெரிதாக இருக்கும் கொடிகளை நான் பார்த்திருக்கிறேன். கொடிக்கயிற்றை முதலில் தொடும் உரிமை எந்த வீட்டுக்கு, எந்தத் தெருவுக்கு என்று சச்சரவு வந்து, திருநாளே நின்றுபோன ஊர்களும் உண்டு. அங்கேயும் வர்ணம் சரியாகத்தான் இருந்தது, படமும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கயிற்றின் மறுமுனையில் நின்றது பக்தியா, சாதியா? நெப்போலியனின் தளபதி செய்த வேலையை நாமே நம் கோவில் வாசலில் செய்தால், 7-ம் பத்திநாதர் எந்த நிறத்தைத்தான் மாற்றுவார்?

கொடிப்பாட்டன் காலத்து உரிமை என்று சிலர் சொல்வீர்கள். உங்கள் பாட்டனார் கொடிமரத்தைத் தோளில் சுமந்து வந்திருந்தால் அந்தப் புண்ணியம் சர்வேசுரனுடைய கணக்கில் பத்திரமாக இருக்கிறது. துணியில் எழுத வேண்டாம்.

ஆகவே இவ்வருட ஏற்பாடு: கொடித்துணிக்குக் கொடுப்பவர்கள் உண்டியலில் போட்டுவிடுங்கள். தையற்காரரிடம், படத்தைத் தவிர வேறு எழுத்து வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கொடிக்கயிற்றை இவ்வருடம் புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பிடிப்பார்கள். அவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று எவரும் விசாரிக்க வேண்டாம். பாப்பரசர் கொடி கட்டுகிறவர்கள், கம்பத்தின் பக்கம் மஞ்சள் இருக்கும்படி கட்டுங்கள். காகிதத் தோரணத்தைத் திருநாளுக்கு மறுநாளே அவிழ்த்துவிடுங்கள். சாக்கடையில் மிதக்க விடாதீர்கள். மந்திரித்த பழைய கொடிகள் யார் வீட்டிலாவது கிழிந்து கிடந்தால் குப்பையில் எறியாமல் கோவிலுக்குக் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மாலை செபமாலைக்குப் பிறகு அவற்றை எரித்துச் சாம்பலைக் கொடிமரத்தடியில் புதைப்போம்.

— பங்குக் குரு