வாசல் வேம்பு கருகினால் அரிவாளை எடுக்காதீர்கள்

கார்த்திகை மாத ஆலோசனை: ஈரோடு வட்டார வீட்டுத் தோட்டங்களுக்கு

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கும் இந்த நாளில் உங்கள் வாசல் வேம்பின் உச்சிக் கொப்புகள் நெருப்பில் வாட்டியதுபோல் பழுப்பேறி நிற்கின்றனவா? மரம் வெட்டுகிறவருக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். இப்படிக் கருகும் வளர்ந்த மரங்களில் பெரும்பாலானவை கோடை தொடங்கியதும் மறுபடி துளிர்த்துவிடுகின்றன.

எங்கள் வீட்டு மரம் ஒரு கார்த்திகையில் பாதிக்கு மேல் கருகியது. "பட்டுப்போச்சுங்க, மார்கழிக்குள்ள வெட்டிப்போடலாம்" என்று வந்தவர் விலையே பேசிவிட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டபோது அதே மரம் செந்துளிர் விட்டிருந்தது. கம்பத்துக்கு ஊற்றிய மஞ்சள் நீரில் அம்மா போட்ட வேப்பிலை அதில் ஒடித்ததுதான்.

2021-இல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேம்புகள் கருகின. தமிழ்நாட்டிலும் இதே கருகல் பருவம் தவறாமல் தலைகாட்டி வருகிறது. காரணம் இரண்டு. ஒன்று தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. அரை அங்குலம்கூட இருக்காது. உடலைவிட நீண்ட மீசை, முதுகில் குண்டூசி குத்தியதுபோல் ஒரு முள். மழைக்குப் பின் வரும் இளந்தண்டில் இது குத்தும்போது உமிழ்நீரில் உள்ள நஞ்சு இறங்கி, அந்த இடம் கறுத்துக் காய்கிறது. முந்திரி, கொய்யா, முருங்கையையும் இது விடாது. இரண்டாவது, போமாப்சிஸ் அசாடிராக்டே என்னும் பூஞ்சணம். வேம்புக்கென்றே உள்ள இதை 1997-இல் கர்நாடக ஆய்வாளர்கள் இனங்கண்டு பெயரிட்டார்கள். ஈரம் உள்ள மாதங்களில் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயவைத்துக்கொண்டே வரும். பூச்சி குத்திய காயம் பூஞ்சணத்துக்குத் திறந்த கதவு. அதனால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

உங்கள் மரத்துக்கு வந்தது இதுதானா என்று பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். எட்டுகிற கொப்பு ஒன்றை நுனியிலிருந்து அடிவரை நகத்தால் சுரண்டிக்கொண்டே வாருங்கள். பட்டைக்கு அடியில் எங்கே பச்சை தெரிகிறதோ அங்கே உயிர் இருக்கிறது. நுனி ஓரடி ஈரடி மட்டும் காய்ந்து அதற்குக் கீழ் பச்சை இருந்தால் இந்த நோய்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். இளந்தண்டில் கறுத்த நீள்புள்ளிகளும் பிசின் கசிவும் இருந்தால் பூச்சியின் வேலை. கருகிய இலை உதிராமல் குச்சியிலேயே சருகாகத் தொங்கும். மாசியில் வேம்பு மஞ்சளாகி இலை கொட்டுவது வேறு. அது மரத்தின் இயல்பு, அதற்கு மருந்து தேடவே கூடாது.

மற்றக் கொப்புகளின் நுனி நன்றாக இருந்து, ஒரு பக்கக் கொப்பு மட்டும் அடியோடு வாடினால் தரையைப் பாருங்கள். இதில்தான் நம் வீடுகளில் அதிகம் தவறுகிறோம். வாசலைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று மரத்தின் தூர்வரை சிமெண்ட் போட்டுவிடுகிறோம். நீரும் காற்றும் போக வழியில்லாத வேர் சில ஆண்டுகளில் சோர்ந்துவிடும். துணிக்கொடிக் கம்பி பட்டைக்குள் புதைந்து இறுக்குவதும், உப்பு ஏறிய போர் தண்ணீரை நாள் தவறாமல் ஊற்றுவதும் இதே கேட்டைச் செய்யும். 1990 வாக்கில் ஆப்பிரிக்காவின் நைஜரிலும் நைஜீரியாவிலும் வேம்புகள் பெருமளவில் நலிந்தபோது, ஆராய்ந்தவர்கள் முக்கியமாகக் குறிப்பிட்டது வேருக்கு ஈரம் கிடைக்காத நெருக்கடியைத்தான். வேர் தெம்பாக இருக்கும் மரம் நுனிக்கருகலைத் தானே தாங்கிக்கொள்ளும்.

ஆகவே மண்ணிலிருந்து தொடங்குங்கள். தூரைச் சுற்றி இரண்டு முழத்துக்காவது சிமெண்டைப் பெயர்த்தெடுங்கள். மர நிழலின் விளிம்பில் வேர் அறுபடாமல் மேலாகக் கொத்தி, மக்கிய தொழுவுரம் இரண்டு கூடையும் வேப்பம்புண்ணாக்கு இரண்டு கிலோவும் போட்டு மூடாக்கு இடுங்கள். மழை விட்ட பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை நிறைய நீர் விட்டால் போதும்.

மழையில்லாத நாளாகப் பார்த்து, கையெட்டும் கருகிய குச்சிகளை, பச்சை தெரியும் இடத்திலிருந்து ஒரு சாண் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். தடித்த வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் என்ற கணக்கில், தேவைக்குக் குறைத்துக் கலக்கலாம். உச்சிக்கு ஏறி வெட்ட வேண்டியதில்லை. காய்ந்த குச்சி தானே விழும்.

மருந்து எல்லா மரத்துக்கும் தேவையில்லை. முப்பதடி மரத்தில் வீட்டுத் தெளிப்பான் எட்டாது. எட்டினாலும் பாதி மருந்து கிணற்றிலும் தொட்டித் தண்ணீரிலும்தான் விழும். ஆளுயரக் கன்று, நாலைந்து வயது மரம் என்றால் தெளிக்கலாம். பத்து லிட்டர் தண்ணீருக்குத் தயாமீத்தாக்சம் 25 சதத் தூள் 2 கிராம், கார்பென்டாசிம் 20 கிராம். இளந்தண்டுக்குள் இருக்கும் முட்டையை மருந்து தொடாது. எனவே பதினைந்து, இருபது நாள் கழித்து இன்னொரு முறை பார்த்து, புதுக் கருகல் இருந்தால் மட்டும் தெளியுங்கள். வாங்குவதற்கு முன் கருகிய கொப்பு ஒன்றைக் கோபிசெட்டிபாளையம் மைராடா வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ காட்டிவிடுவது நல்லது. போக முடியாதவர்கள் உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

தெளித்த மரத்தில் ஒரு மாதத்துக்காவது ஆட்டுக்குத் தழை ஒடிக்காதீர்கள். பல் துலக்கக் குச்சியும் அம்மை போட்ட வீட்டுக்கு இலையும் கொடுக்காதீர்கள். யாராவது வந்து கேட்பார்கள், அதனால் மரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டி வையுங்கள். பூ வந்துவிட்டால் எந்த மருந்தும் வேண்டாம், தேனீக்கள் மடியும். மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். கடிக்கும்தான், ஆனால் தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்பதில் அதற்கு இணை குறைவு. டிரைக்கோடெர்மா இட நினைப்பவர்கள் கார்பென்டாசிமோடு சேர்க்கக் கூடாது, அந்த நல்ல பூஞ்சணத்தையும் அது கொன்றுவிடும். மூன்று வாரம் விட்டு, தொழுவுரத்தில் கலந்து இடுங்கள்.

பிறகு பொறுத்திருங்கள். சித்திரை முடிந்தும் துளிர் இல்லாமல், அடிமரத்தைச் சுரண்டினாலும் பச்சை தெரியாவிட்டால் அப்போது வெட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆனி, ஆடியில் நாற்றுக்கு வேப்பமுத்து பொறுக்குகிறவர்கள் கருகல் கண்ட மரத்தடியை விட்டுவிடுங்கள். இந்தப் பூஞ்சணம் விதையோடும் போகும். நோய் தொடாத மரத்தின் பழம் கிடைத்தால் சதை கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் ஊன்றிவிடுங்கள். அதற்கு மேல் வைத்தால் முளைப்பு குறைந்துகொண்டே போகும்.