டயாலிசிஸ் செய்கிறவருக்குக் கஞ்சிதானா பத்தியம்?



"சீக்காளிக்கு எதுக்குக் கறியும் மீனும்? கஞ்சியும் ஊறுகாயும் போதும்" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தவருக்கு இது சரிதான். ஆனால் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு இதே பத்தியத்தை மாதக்கணக்கில் வைத்தால் என்ன ஆகும்? கூடாத தண்ணீரும் உப்பும் உள்ளே போகும். வேண்டிய புரதச் சத்து போகாது. நோய் பாதியைத் தின்னும், பத்தியம் மீதியைத் தின்னும்.

இது நம் வீட்டுப் பிரச்சினை. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதற்குக் காரணம் இனிப்பு நீர். அடுத்த காரணம் ரத்தக் கொதிப்பு. சுங்கை சிப்புட், செம்மோர், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவி, இன்று புந்தோங்கிலும் மற்ற குடியிருப்புகளிலும் வாழும் குடும்பங்களில் இந்த இரண்டு நோயும் இல்லாத வீடு குறைவு.

டயாலிசிஸ் செய்தாலும் வாழலாம்

"மிஷின்ல ஏத்திட்டாங்க, இனி அவ்வளவுதான்" என்று கலங்காதீர்கள். 1943-ல் போர்க்காலத்தில் ஹாலந்து நாட்டு டாக்டர் வில்லெம் கோல்ஃப் முதல் சிறுநீரக இயந்திரத்தைச் செய்தார். அது சில நாட்களுக்கே உதவியது. 1960-ல் அமெரிக்காவில் சியாட்டல் நகரத்து டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், ரத்தக் குழாயில் நிரந்தரமாக ஒரு குழாய் பொருத்தித் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்யும் வழியைக் கண்டார். அதைப் பெற்ற முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ், விமானத் தொழிற்சாலையில் மிஷின் வேலை பார்த்தவர், நம்மைப் போல ஒரு தொழிலாளி. அவர் பத்தாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தார். நம் நாட்டில் தேசிய சிறுநீரக அறநிறுவனம் 1969-ல் தொடங்கப்பட்டது. இன்று பேராக்கில் ஈப்போவிலும் மற்ற ஊர்களிலும் டயாலிசிஸ் நிலையங்கள் நடக்கின்றன.

ஆனால் இயந்திரம் ரத்தத்தைத்தான் சுத்தம் செய்யும். உடம்பை வளர்ப்பது சாப்பாடு.

டயாலிசிஸுக்கு முன்னே ஒரு பத்தியம், பின்னே வேறு பத்தியம்

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும் காலத்தில் டாக்டர், "கறி, மீன், முட்டையைக் குறைங்க" என்று சொல்லியிருப்பார். அப்போது அது சரி. டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. கழிவு வெளியேறும்போது, ரத்தத்திலுள்ள சத்தும் சேர்ந்து போகிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 6 முதல் 12 கிராம் வரை புரதத்தின் கூறுகள் இப்படிப் போய்விடும். ஆனாலும் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டு, வருஷக்கணக்கில் ரசமும் சோறுமாகக் காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. உடம்பு என்ன செய்யும்? தன் தசையையே கரைத்துத் தின்னும்.

இதன் விளைவு சாதாரணமல்ல. அமெரிக்காவில் லோரி, லூ என்ற இரு ஆய்வாளர்கள் 12,000-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தக் கணக்கை ஆராய்ந்து 1990-ல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களிடம் மரணம் அதிகமாக இருந்தது. ஆல்புமின் குறைவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமல்ல, கிருமித் தொற்றும் உள்வீக்கமும்கூடக் காரணமாகலாம். ஆகவே குறைந்தால் டாக்டரிடம் காரணம் கேளுங்கள். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் வரும்போது, "என் ஆல்புமின் எவ்வளவு?" என்று கேட்கத் தயங்காதீர்கள். 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது.

எவ்வளவு சாப்பிடலாம்?

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. உள்ளங்கை அளவு கோழி அல்லது மீன் துண்டில் சுமார் 20 கிராம். பகலுக்கு ஒரு துண்டு, இரவுக்கு ஒரு துண்டு, காலையில் ஒரு முட்டை. மிச்சம் சோறு, ரொட்டி, தோசையிலிருந்து வந்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் தௌஃபூ, தெம்பே, அளவான பருப்பு என்று சேர்த்துக்கொள்ளலாம். புரட்டாசி விரதமோ தைப்பூச விரதமோ இருக்க விரும்பினால், முன்கூட்டியே டாக்டரிடமோ சத்துணவு அதிகாரியிடமோ பேசுங்கள். முருகன் நம்மைப் பட்டினி போட்டுப் பார்க்க விரும்ப மாட்டார்.

டயாலிசிஸ் நாளில் விடியற்காலையிலேயே வேன் வந்துவிடுகிறது என்று பசியாறாமல் போகாதீர்கள். அவித்த முட்டையும் ரொட்டியும் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் இருக்கும்போது சாப்பிட்டால் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும். ஆகவே எப்போது சாப்பிடலாம் என்று தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தராசும் ஏமாற்றும்

தசை கரையும்போது அந்த இடத்தில் நீர் சேரும். தராசில் எடை அதே 60 கிலோதான் காட்டும். "வெயிட்டு குறையலையே" என்று இருந்துவிடுவோம். கைலி தளர்கிறதா, கைவளையல் கழன்று விழுகிறதா, கன்னம் ஒட்டுகிறதா என்று வீட்டுப் பெண்கள்தான் முதலில் கவனிப்பார்கள். கவனித்தால் உடனே டயாலிசிஸ் நிலையத்தில் சொல்லுங்கள். எடைக் கணக்கை அவர்கள் திருத்தி வைப்பார்கள்.

கவனிக்க வேண்டியவை

தண்ணீர்: முதல் நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக அதுதான் ஒரு நாளைய கணக்கு. கஞ்சி, ரசம், சூப்பு, கோப்பி, ஐஸ் எல்லாம் இதில் அடக்கம். காலையிலேயே ஒரு போத்தலில் அளந்து வையுங்கள். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் 60 கிலோ உள்ளவருக்கு இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் மூச்சுத் திணறும், இருதயம் களைக்கும்.

உப்பு: சமையலுக்கும் மேசைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், கிச்சாப்பு, பெலாச்சான், பாக்கெட் மீயின் மசாலாத் தூள் எல்லாமே உப்புதான். உப்பு தின்றால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் தண்ணீர்க் கணக்கு போச்சு! "உப்புக்குப் பதில்" என்று கடையில் விற்கும் தூளை வாங்காதீர்கள், பெரும்பாலும் அது பொட்டாசியம்.

பொட்டாசியம்: ஆஸ்பத்திரிச் சீட்டில் காலியம் என்றிருக்கும். இது மிஞ்சினால் இருதயம் திடீரென்று நின்றுவிடலாம். இளநீர், வாழைப்பழம், டுரியான், பீடோர் கொய்யா, மரவள்ளிக்கிழங்கு, கீரைச் சாறு இவற்றில் அதிகம். காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் ஊறவைத்து, வேறு நீரில் வேகவைத்து, இரண்டு நீரையும் கொட்டிவிடுங்கள். ஆப்பிள், பேரிக்காய் அளவோடு சாப்பிடலாம்.

நட்சத்திரப் பழம்: மலாயில் பெலிம்பிங் என்போமே, அதுவே. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது விஷம். விடாத விக்கல், குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகும். ஒரு துண்டுகூட வேண்டாம்.

பாஸ்பேட்: எலும்பை அரிக்கும், ரத்தக் குழாயைக் கல்லாக்கும். கோலா, பதப்படுத்திய சாசேஜ், நக்கெட் வேண்டாம். இதற்கான மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கினால் பலன் இல்லை.

இனிப்பு நீர் உள்ளவர்கள்: சிறுநீரகம் கெட்டால் இன்சுலின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும். சீனி திடீரென்று இறங்கலாம். அப்போது ஆரஞ்சுச் சாறு வேண்டாம், சீனியோ குளுக்கோஸோ வாயில் போடுங்கள். ஊசி அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

ஒரு நாளும் தவறவிடாதீர்கள்

மழை, கல்யாணம், வேன் இல்லை என்று டயாலிசிஸைத் தள்ளிப் போடுவது ஆபத்து. பல நாட்டு நோயாளிகளை ஆராய்ந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், மாதம் ஒரு முறையாவது தவறவிட்டவர்களின் மரண ஆபத்து, தவறாமல் போனவர்களைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது.

போக்குவரத்தும் பணமும் தடையென்றால் மௌனமாக இருக்காதீர்கள். சொக்சோவில் சந்தா கட்டிய தொழிலாளர்கள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு டயாலிசிஸ் உதவி கேட்கலாம். அது தருமமல்ல, நம் சம்பளத்தில் பிடித்த காசு. பாரங்கள் புரியாவிட்டால் தோட்டக் கிளைத் தலைவரை அழைத்துப் போங்கள். தூரத்தில் இருப்பவர்கள், வீட்டிலேயே செய்யும் வயிற்று டயாலிசிஸ் தமக்குப் பொருந்துமா என்றும் டாக்டரைக் கேட்கலாம். அதிலும் புரதம் வெளியேறும், ஆகவே மேலே சொன்ன சாப்பாட்டுக் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.

தாய்மார்களே, இன்றிரவு உங்கள் வீட்டு நோயாளியின் தட்டைப் பாருங்கள். கஞ்சியும் ஊறுகாயும் இருந்தால் எடுத்துவிடுங்கள். அளவான சோறு, உப்புக் குறைந்த கோழிக் குழம்பில் ஒரு நல்ல துண்டு, நீர் வடித்த காய் இவற்றை வையுங்கள். "எனக்கு வேணாம், பிள்ளைங்களுக்குக் கொடு" என்பார். பிள்ளைகளுக்கு அவர் வேண்டும் என்று சொல்லிச் சாப்பிட வையுங்கள்.