வெட்டிப் பார்த்தால் விளங்கும்!

எஞ்சினியரிங் டிராயிங்கில் 'செக்‌ஷன்' என்றாலே நம்மில் பலர் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறோம். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத எனக்கு ஜேடர்பாளையத்துக் கரும்புதான் வாத்தியார். நேராக வெட்டினால் முகம் வட்டம். சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். அச்சுக்கு 30 டிகிரியில் வெட்டினால் அகலம் மாறாது, நீளம் மட்டும் இரு மடங்காகும்.

கூம்பில் அரை உச்சிக்கோணத்தைப் பாருங்கள். அது 30 டிகிரி என்று வைப்போம். உச்சியைத் தொடாத தளம் அச்சுக்கு 90 டிகிரியில் வெட்டினால் வட்டம். 90-க்கும் 30-க்கும் நடுவே நீள்வட்டம். சரியாக 30 என்றால், கூம்பின் சரிவுக்கு இணையாகிப் பரவளையம். அதற்கும் கீழே அதிபரவளையம். 1970-இல் ஊட்டியில் அமைந்த, 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி அகலவாட்டில் வளைந்திருப்பது இந்தப் பரவளையமாகத்தான்.

சந்தேகமா? ராத்திரி டார்ச்சைச் சுவரில் சாய்த்து அடியுங்கள். வெளிச்சக் கூம்பைச் சுவரே வெட்டிக் காட்டும். புரிந்து வரைபவனை அரியர் அண்டாது நண்பர்களே!