சொல்லாமல் பறிபோகும் பார்வை

வரம்பில் நடக்கையில் அப்பு அடிக்கடி கால் இடறுகிறார். பக்கவாட்டில் வரும் சைக்கிளை, அது முட்டுமளவுக்கு வந்த பிறகே காண்கிறார். ஆனால் பேரப்பிள்ளையின் முகம் நன்றாகத் தெரிகிறது. அரிசியில் கல்லும் பொறுக்குகிறார். "வயதுதானே" என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். வயது மட்டும் காரணமாக இராது. குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் பார்வையை ஓரங்களிலிருந்தே தின்று வரும். நடுப்பார்வை கடைசியாகத்தான் போகும்.

கண்ணுக்குள்ளே தெளிந்த நீரொன்று ஓயாமல் ஊறி, கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகாலால் வெளியேறுகிறது. (கண்ணீர் வேறு, இது வேறு.) கட்டுக்கரைக் குளத்தை எண்ணிப் பாருங்கள். வரத்துக் குறையாமலிருக்கத் துருசு அடைபட்டால் அணைக்கட்டு என்ன பாடுபடும்! கண்ணிலும் அப்படியே அழுத்தம் ஏறுகிறது. அதைத் தாங்கமாட்டாத இடம், பார்வை நரம்பு வெளியேறும் பின்வாசல். விழித்திரையின் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றும் மூளைக்கு ஓர் இழையை அனுப்புகின்றன. 10 இலட்சம் அளவான அந்த இழைகளின் கட்டே பார்வை நரம்பு. பின்வாசலில் இழை நெரிபட்டால் கலத்துக்குப் போசணை தடைப்படும். கலம் மெல்ல மடியும். மடிந்த கலம் திரும்ப முளைப்பதில்லை. வெண்புரையைச் சத்திரசிகிச்சையால் நீக்கிப் பார்வையை மீட்கலாம். இங்கே போனது போனதுதான். "புரை பழுக்கட்டும்" என்று காத்திருக்கும் எங்கள் பழக்கம் இந்நோயில் பெருங்கேடு.

கடலுக்கு அக்கரையில் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் 40 வயதைக் கடந்த 5,150 பேரைப் பரிசோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். 100 பேரில் இருவர் மூவருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் அதுவரை தமக்கு நோயிருப்பதையே அறியவில்லை.

நரம்புக் கலத்தை நேரடியாகக் காக்கும் மருந்து உண்டா? தேடுகிறார்கள். மெமன்ரீன் என்ற மாத்திரையைப் பல ஆண்டுகள் பரீட்சித்தும் பயன் நிரூபணமாகவில்லை. விற்றமின் பி3 எலிகளில் நரம்பைக் காத்ததாக 2017இல் அறிக்கை வந்தது. மனிதரிலும் ஆய்வுகள் நடந்துள்ளன. அதற்காக மாத்திரையை வாங்கி அள்ளிப் போடவேண்டாம், அதிக அளவு ஈரலைக் கெடுக்கும். நிரூபணமான காவல் ஒன்றே: அழுத்தத்தைக் குறைத்தல். அழுத்தம் 1 மில்லிமீற்றர் குறையும்தோறும் நோய் முற்றும் அபாயம் ஏறத்தாழ 10 வீதம் குறைவதைச் சுவீடன் ஆய்வொன்று 2003இல் காட்டியது.

ரிமோலோல் சொட்டு மருந்து நீர் ஊறுவதைக் குறைக்கிறது. தொய்வு உள்ளவருக்கு அது ஆபத்து. வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். லற்றனோபுரொஸ்ற் வடிகாலை இலகுவாக்குகிறது. கீழிமையை இழுத்து ஒரு துளி மட்டும் விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்துங்கள். மருந்து தொண்டைக்குள் ஓடிவிடாது. இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து விடுங்கள். மருந்தை வெயில் படும் தகரக் கூரையடியில் வைக்காதீர்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டும். நெல் உமி பட்டுக் கண் சிவந்தால், கடையில் வாங்கிய மருந்தை மாதக்கணக்கில் விடுகிறோம். அவற்றில் சில ஸ்ரெரொயிட் கலந்தவை. அவையே அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கெடுக்கும். கடுமையான கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் என்பன திடீரென வந்தால் அது வேறு வகை. பித்தமென்று கசாயம் காய்ச்சாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

1990இல் புத்தளம் பக்கம் போனவர்களும், 2007 முதல் 2009 வரை முசலி, மடு, மாந்தையிலிருந்து ஓடியவர்களும் கிளினிக் கொப்பியை எடுத்துச் செல்லும் நிலையில் இருக்கவில்லை. வலியில்லாத நோயாதலால், மருந்து நின்றுபோனதை உடம்பு நினைவூட்டவும் இல்லை. அப்படி இடையில் விட்டவர்கள், எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும், மீண்டும் கண் கிளினிக்குக்குப் போகவேண்டும். எஞ்சியிருக்கும் கலங்களையாவது காக்கலாம். போகும்போது 40 வயதைக் கடந்த உடன்பிறந்தவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். இந்நோய் குடும்பத்தில் தொடர்வது. அழுத்தம் சாதாரணமாக இருப்பவருக்கும் இது வருவதுண்டு என்பதால், நரம்பின் முகப்பையும் பார்க்குமாறு வைத்தியரைக் கேளுங்கள். மருந்தின் பெயரைக் கொப்பியில் மட்டுமன்றி, அடையாள அட்டையுடன் வைக்கும் ஒரு துண்டிலும் எழுதி வையுங்கள்.