பிளேட்டுக்குள் குடியேறிய கிருமி

கேள்வி: அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். எட்டு மாதமாகச் சீழ் கசிகிறது. மாத்திரை சாப்பிட்டால் காய்கிறது, நிறுத்தினால் திரும்புகிறது. எலும்பும் கூடவில்லை. ஏன்?
- வாசகர், பாளையம்பட்டி

பதில்: வற்றிய கண்மாயில் சீமைக்கருவேலம் முந்தி வேர்விட்டால் வேறு செடிக்கு இடம் ஏது? பிளேட்டிலும் அப்படித்தான். அதில் முதலில் ஒட்டுவது நம் செல்லா, கிருமியா என்ற போட்டியை 1987-இல் அமெரிக்க மருத்துவர் அந்தனி கிரிஸ்டினா ஓட்டப்பந்தயம் என்றே வர்ணித்தார்.

நம் தரப்பில் ஓடுபவை எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள். எலும்பைக் கட்டும் செல்களாக மாறுபவை அவைதாம். வெறும் கொத்தனார்கள் அல்ல. கிருமியைக் கொல்லும் எல்எல்-37 என்ற புரதத் துணுக்கையும் சுரக்கின்றன. ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி முந்திவிட்டால் வழுவழுப்பான படலம் கட்டி அதற்குள் பதுங்குகிறது. மருந்து அங்கே சரியாக வேலை செய்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமி ஸ்டெம் செல்லுக்குள்ளேயே நுழைந்து ஒளிவதையும் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பாதிக்கப்பட்ட செல்லின் எலும்பு கட்டும் திறன் குன்றுகிறது. கூடவே அழற்சி, எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. சீழும் கூடாத எலும்பும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

அண்ணனை எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். கடையில் நீங்களாக மாத்திரை வாங்க வேண்டாம். மேலே கசியும் சீழைவிட, உள்ளிருந்து எடுக்கும் திசுவைக் கல்ச்சருக்கு அனுப்பினால்தான் கிருமி சரியாகத் தெரியும். பிளேட்டை எடுப்பதா, மாற்றுவதா என்பதை அதன் பிறகே முடிவு செய்வார்கள். சர்க்கரை அளவையும் பாருங்கள்; பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.