தூக்க மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: நான்கு மாதமாக நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் விடியும்வரை புரண்டுகொண்டே இருக்கிறேன். கடையில் கணக்கு எழுதினால் தப்பு வருகிறது. பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். தூக்க மாத்திரை வாங்கிப் போடலாமா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அல்பிரசோலம் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு.

வாரத்தில் 3 இரவாவது, 3 மாதத்துக்கு இப்படி நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. கணக்குப் பிழைக்கும் கோபத்துக்கும் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். தூக்கம் குறைந்தால் முதலில் அடிபடுவது கவனமும் பொறுமையும்தான். ஸ்கூட்டர் ஓட்டுவீர்கள் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

முதலில் தூக்கத்தைக் கெடுத்த கவலை தீர்ந்த பிறகும் தூக்கமின்மை தங்கிவிடுவதுண்டு. ‘இன்றும் தூங்காமல் போய்விடுமோ’ என்ற பயமே விழிக்க வைக்கும். நாளடைவில் படுக்கையைப் பார்த்தாலே மூளை உஷாராகிவிடுகிறது. அதனால் சுமார் 20 நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் (கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், தோராயம் போதும்) எழுந்து கூடத்துக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் எதையாவது படியுங்கள். கண் சொக்கும்போது திரும்புங்கள். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றே. ஞாயிற்றுக்கிழமைக்கும் சலுகை கிடையாது! முதலில் சோர்வு கூடத்தான் செய்யும். இதை முறையாகக் கற்றுத்தருவது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. மாத்திரைக்கு முன்பு பரிந்துரைக்கப்படுவதும் அதுவே.

மாலை 5 மணிக் காபியின் காஃபீனில் பாதி, இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கலாம். குறட்டை, மாதவிடாய் நிற்கும் பருவத்து உடல்சூடு, தைராய்டு, மனச்சோர்வு ஏதாவது உண்டா என்று மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.