கடலோரக் கல்லூரி

அன்புள்ள கயல்,

வேல்ஸ் நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தாய். எனக்கு மிகப் பிடித்தது அபெரிஸ்ட்வித். வேல்ஷ் மொழியில் ‘அபெர்’ என்றால் முகத்துவாரம். இஸ்ட்வித் ஆறு கடலில் சேரும் இடம் என்பதுதான் பெயரின் பொருள். ரைடோல் என்ற இன்னோர் ஆறும் இங்கேதான் வந்து சேர்கிறது. பாவம், அது பெயரில் இடம்பெறவில்லை.

வேல்ஸை அடக்க இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1277இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை, இன்று கடலைப் பார்த்தபடி இடிந்து கிடக்கிறது. அதன் அருகிலேயே கரையோரம் கூம்புக் கோபுரங்களோடு ஒரு பெரிய கட்டடம். அதன் கதையைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

1864இல் ஊருக்கு ரயில் வந்தது. விடுமுறைக்கு வருவோரை நம்பி, ரயில் பாதை போட்ட தாமஸ் சேவின் ஒரு மாபெரும் ஓட்டல் கட்டினார். அது முடியும் முன்பே அவர் கையிலிருந்த பணமெல்லாம் கரைந்துவிட்டது. பாதியில் நின்ற அந்தக் கட்டடத்தை, வேல்ஸுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று அலைந்தவர்கள் 10,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். 1872இல் 26 மாணவர்களோடு கல்லூரி தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் அரசு உதவி கிடையாது. சுரங்கத் தொழிலாளரும் விவசாயிகளும் தேவாலயங்களில் போட்ட சில்லறைதான் அதைக் காப்பாற்றியது. தம்மால் படிக்க முடியாத படிப்புக்காகக் காசு கொடுத்த அந்தக் கைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

மொழிக்கும் இதே ஊர்தான் அரண். வேல்ஷ் வழியில் பாடம் சொல்லித்தரும் முதல் தொடக்கப்பள்ளி 1939இல் இங்கேதான் பிறந்தது. சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? ஏழே பேர்! 1963 பிப்ரவரி 2ஆம் தேதி, கடுங்குளிரில், நீதிமன்ற அழைப்பாணை வேல்ஷ் மொழியில் வேண்டும் என்று இளைஞர்கள் ட்ரெஃபெக்கன் பாலத்தில் உட்கார்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். நான்கே ஆண்டுகளில், வேல்ஸின் நீதிமன்றங்களில் வேல்ஷ் பேசும் உரிமையைச் சட்டம் தந்தது.

அந்தப் பாலத்தின் படம் கிடைத்தால் உற்றுப் பார். அடியில் ஓடுவது ரைடோல்.

அன்புடன்,
உன் சித்தப்பா